ரேடார் சென்சாரின் டிரான்ஸ்மிட்டரைச் சோதிப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டில் டேங்க் மட்டம் பார்க்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள், புதுச்சேரியில் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், வண்டியின் முன்பக்க ரேடாரைக் கழற்றி மாட்டும் ஒர்க்‌ஷாப்காரர்கள் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது, "பவர் சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?" என்பதைத்தான். அளக்கச் சுலபமானது பவர். ஆனால் கோளாறைக் காட்டிக்கொடுப்பதில் அதுதான் கடைசி. ஏன் என்பது கீழே போகப் போகத் தெரியும்.

ஒரு குறிப்பு: டிரான்ஸ்மிட்டர் என்று நான் சொல்வது சென்சாருக்குள் அலையை உண்டாக்கி அனுப்பும் பகுதியை மட்டும். சென்சார் தன் அளவை வெளியே அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் வெளியீட்டைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

இந்த சென்சார்கள் எந்த மாதிரி அலையை அனுப்புகின்றன?

இப்போது வரும் வாகன ரேடார்களும், 80 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் டேங்க் ரேடார்களும் பெரும்பாலும் எஃப்.எம்.சி.டபிள்யூ. வகை. (26 ஜிகாஹெர்ட்ஸ் டேங்க் ரேடார்களில் பல்ஸ் வகையும் நிறைய உண்டு; அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசவில்லை.) நாதஸ்வரக்காரர் கீழ் ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரத்துக்கு ஒரே சீராக இழுத்துக்கொண்டு போவதுபோல, அலையின் அதிர்வெண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோடாக ஏறுகிறது. இந்த ஒரு ஏற்றத்துக்குச் சிர்ப் என்று பெயர். அனுப்பிய அலை ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பி வருவதற்குள், அனுப்பிக்கொண்டிருக்கும் அலை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இரண்டையும் கலந்தால் கிடைக்கும் வித்தியாச அதிர்வெண்தான் தூரம்.

கணக்காகப் பார்ப்போம். 76 முதல் 77 ஜிகாஹெர்ட்ஸ் வரை 40 மைக்ரோவிநாடியில் ஏறுகிறது என்றால், ஒரு மைக்ரோவிநாடிக்கு 25 மெகாஹெர்ட்ஸ். 30 மீட்டர் தள்ளி நிற்கும் பொருளிலிருந்து அலை திரும்பி வர 0.2 மைக்ரோவிநாடி ஆகும். ஆக வித்தியாசம் 5 மெகாஹெர்ட்ஸ். அருகருகே நிற்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் திறனை ஏற்றத்தின் மொத்த அகலம் தீர்மானிக்கிறது: 250 மெகாஹெர்ட்ஸுக்கு 60 சென்டிமீட்டர், 1 ஜிகாஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர், 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

சரி, பவர் மட்டும் பார்த்தால் ஏன் போதாது?

ரேடாரில் எட்டும் தூரம் பவரின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. பவர் பாதியாகக் குறைந்தாலும் எட்டும் தூரம் 16 சதவீதம்தான் குறையும். 100 மீட்டர் பார்த்த சென்சார் 84 மீட்டர் பார்க்கும், அவ்வளவுதான். அதற்குள் பார்ப்பதை எல்லாம் சரியாகவே சொல்லும்.

ஏற்றத்தின் சரிவு பிசகினால் அப்படியில்லை. பவர் மீட்டரில் எல்லாம் பச்சையாக இருக்கும், சென்சார் சொல்லும் ஒவ்வொரு தூரமும் தப்பாக இருக்கும். சரிவில் 0.1 சதவீதப் பிழை என்றால் 10 மீட்டர் உயர டேங்கில் 1 சென்டிமீட்டர். 20 மீட்டர் விட்டமுள்ள டேங்காக இருந்தால், அந்த 1 சென்டிமீட்டரில் 3,000 லிட்டருக்கு மேல் நிற்கிறது. ஸ்டாக் கணக்கு உதைப்பது இப்படித்தான்.

ஆகையால் என் வரிசை இது: முதலில் சிர்ப்பின் நேர்கோடு, அடுத்து ஃபேஸ் நாய்ஸ் (அலையின் சிறு நடுக்கம்), அப்புறம் அதிர்வெண் எல்லைகளும் தேவையில்லாத உமிழ்வுகளும், கடைசியாகப் பவர். பெரும்பாலான சோதனை அறிக்கைகளில் இது தலைகீழாக இருக்கும்.

சிர்ப் நேர்கோடாக ஏறுகிறதா என்று எப்படி அளப்பது?

சாதாரணமாக ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பவர் என்று காட்டும் கருவி) மேய விட்டுப் பார்த்தால் தெரியாது. அதில் 76 முதல் 77 வரை ஒரு மேட்டு நிலம் தெரியும். அந்த மேட்டுக்குள் அலை எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பது தெரியாது. சிர்ப் வளைந்து நெளிந்து ஏறினாலும் மேடு கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும்.

செய்ய வேண்டியது, சிர்ப் முழுவதையும் ஒரே மூச்சில் பதிவு செய்வது. 77 ஜிகாஹெர்ட்ஸ் அலையை ஒரு மிக்சர் (வேறொரு அலையோடு கலந்து அதிர்வெண்ணைக் குறைக்கும் கருவி) வழியாகக் கீழே இறக்கி, போதுமான அகலமுள்ள ஆசிலோஸ்கோப்பிலோ சிக்னல் அனலைசரிலோ பிடிக்க வேண்டும். சிர்ப் 1 ஜிகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் பிடிக்கும் கருவியின் அலசல் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பதிவிலிருந்து ஒவ்வொரு கணத்தின் ஃபேஸையும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) எடுத்து, அது மாறும் வேகத்தைக் கணக்கிட்டால் நேரத்துக்கு எதிரான அதிர்வெண் வரைகோடு கிடைக்கும். அதற்குப் பொருத்தமான ஒரு நேர்கோட்டை வரைந்து, அசல் கோட்டிலிருந்து கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் பிழை. மிச்சத்தைப் படிப்பதில்தான் அனுபவம் வேண்டும்.

மிச்சம் வில் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தால், தூரப் பொருள்களின் எதிரொலி முனை மழுங்கி அகலமாகும். ஏற்ற இறக்கமாக, ஒரே இடைவெளியில் அலைபாய்ந்தால் அது இன்னும் மோசம்: நிஜ எதிரொலிக்கு இரு பக்கமும் போலி எதிரொலிகள் முளைக்கும். டேங்கில் இல்லாத மட்டத்தைக் காட்டும், சாலையில் இல்லாத வண்டியைக் காட்டும். இப்படி அலைபாய்வதற்குப் பல சமயம் சுவிட்சிங் பவர் சப்ளையின் இரைச்சல் அதிர்வெண் உருவாக்கும் பி.எல்.எல். சுற்றுக்குள் புகுவதே காரணம். பவர் சப்ளையை மாற்றி ஒரு முறை பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சிர்ப்பின் தொடக்கத்தில் முதல் சில மைக்ரோவிநாடிகள் பி.எல்.எல். நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம். அங்கே கோடு துள்ளும். சென்சாரும் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் பிழைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். சென்சார் எங்கிருந்து மாதிரி எடுக்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து பாருங்கள். அளவுக்குமீறி வெட்டிவிட்டு "பிழையே இல்லை" என்று எழுதுவோரும் உண்டு, அது வேறு கதை.

ஃபேஸ் நாய்ஸ் என்றால் என்ன? லேபில் நன்றாக வேலை செய்த சென்சார் சாலையில் தடுமாறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. அனுப்பும் அலை ஒரே அதிர்வெண்ணில் ஆடாமல் நிற்க வேண்டும் என்று விட்டாலும், அது அந்த இடத்தைச் சுற்றி மிகச் சிறிதாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் அலையின் இரு பக்கமும் பாவாடைபோல இரைச்சலாகப் படரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுப் பக்கம் முன்னால் ஒரு லாரி, அதை ஒட்டி ஒரு சைக்கிள்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியின் எதிரொலி சைக்கிள்காரருடையதைவிட நூறு மடங்குக்கு மேல் வலுவாக இருக்கலாம். லாரியின் இரைச்சல் பாவாடைக்குள் சைக்கிள்காரர் காணாமல் போய்விடுவார். பவர் எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, பாவாடையும் கூடவே ஏறும்.

இனி லேப் விஷயம். அருகில் உள்ள பொருளின் எதிரொலி சட்டென்று திரும்பி வந்துவிடுகிறது. அப்போது அனுப்பும் அலையும் கிட்டத்தட்ட அதே நடுக்கத்தில்தான் இருக்கும். இரண்டையும் கலக்கும்போது நடுக்கம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. 2 மீட்டர் தூரத்தில், 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள இரைச்சல் 40 டெசிபெல் அளவுக்கு அடங்கிவிடும். 150 மீட்டரில் அதே இரைச்சல் 4 டெசிபெல்தான் அடங்கும். மேசைக்கு எதிரே ரிஃப்ளெக்டரை வைத்துப் பார்த்துவிட்டு "சென்சார் சுத்தம்" என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். ஃபேஸ் நாய்ஸை அனுப்பும் அலையில் நேரடியாகத்தான் அளக்க வேண்டும், எதிரொலியை வைத்து ஊகிக்கக் கூடாது.

சென்சாரைச் சிர்ப் இல்லாமல் ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தும் சோதனை முறைக்கு மாற்றி, ஃபேஸ் நாய்ஸ் அளக்கும் வசதியுள்ள அனலைசரில் பார்ப்பது வழக்கம். 77 ஜிகாஹெர்ட்ஸ் சிப்களில் 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஹெர்ட்ஸுக்கு −90 முதல் −95 டிபிசி (மூல அலையோடு ஒப்பிட்ட டெசிபெல்) வரை எதிர்பார்க்கலாம். அளவு மோசமாக வந்தால் முதலில் மூல ஆசிலேட்டரைச் சந்தேகியுங்கள். அதிர்வெண்ணை இரண்டால் பெருக்கினால் ஃபேஸ் நாய்ஸ் 6 டெசிபெல் கூடும், ஆறால் பெருக்கினால் 15.6 டெசிபெல். அடியில் சிறிய பிசகு மேலே பெரிதாகத் தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தி அளந்தது நன்றாக இருந்து, சிர்ப் ஓடும்போது மட்டும் கெடுவதும் உண்டு. முடிந்தால் இரண்டையும் பாருங்கள்.

சென்சாரில் கனெக்டரே இல்லை. ஆன்டெனா போர்டிலேயே இருக்கிறது. எங்கே கேபிள் மாட்டுவது?

மாட்ட முடியாது. காற்று வழியாகத்தான் அளக்க வேண்டும். எதிரே ஒரு ஹார்ன் ஆன்டெனா வைத்து, அதில் வருவதை அளந்து, வழியில் போன இழப்பைக் கூட்டிக்கொள்வீர்கள்.

77 ஜிகாஹெர்ட்ஸில் 1 மீட்டர் காற்றுவெளி இழப்பு சுமார் 70 டெசிபெல். சென்சாரின் இ.ஐ.ஆர்.பி. (ஆன்டெனா ஒரு பக்கம் குவிப்பதையும் சேர்த்த உமிழ் பவர்) 25 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்), ஹார்னின் கெயின் 20 டெசிபெல் என்றால் ஹார்னின் வாயில் −25 டிபிஎம் கிடைக்க வேண்டும். அதிலிருந்து கணிசமாக விலகினால் முதலில் நேர்ப்படுத்தலைச் சரிபாருங்கள். கற்றை குறுகலாக இருப்பதால் சில டிகிரி திரும்பினாலும் அளவு விழும். மிகக் கிட்டே வைக்கவும் கூடாது. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆன்டெனாவுக்கு 1.3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 3 சென்டிமீட்டர் என்றால் அரை மீட்டர் போதும்.

சுற்றிலும் அலை உறிஞ்சும் பஞ்சு வையுங்கள். இரும்பு பீரோ, ஸ்டீல் மேசை, ஜன்னல் கம்பி எல்லாம் இந்த அலைக்குக் கண்ணாடிதான். ஹார்னைச் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அளவு ஏறி இறங்கினால் எங்கிருந்தோ எதிரொலி கலக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் அனலைசர் 26.5 ஜிகாஹெர்ட்ஸ் வரைதான். 77 ஜிகாஹெர்ட்ஸைப் பார்க்க முடியுமா?

24 ஜிகாஹெர்ட்ஸ் சென்சாருக்கு அதுவே போதும். 77-க்கு, வெளி மிக்சர் மாட்டும் வசதி அனலைசரில் இருந்தால் ஒரு ஹார்மானிக் மிக்சர் வாங்கி மாட்டலாம். 60 முதல் 90 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் டபிள்யூ.ஆர்-12 அலைவழிகாட்டி வகை இதற்குப் பொருந்தும். நேரடியாகப் போகும் அனலைசர்களும் இருக்கின்றன. ரோடே அண்ட் ஷ்வார்ஸின் எஃப்.எஸ்.டபிள்யூ.85 மாடல் 85 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும், கீசைட்டிடம் 110 வரை போகும் மாடல் உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மிக்சரில் ஒரு பொறி இருக்கிறது. அதற்கு முன்னால் வடிகட்டி இல்லாததால், திரையில் நிஜ அலையோடு அதன் பிம்பமும் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஐ.எஃப். (மிக்சரிலிருந்து வெளிவரும் குறைந்த) அதிர்வெண்ணின் இரு மடங்கு. சிர்ப் அதைவிட அகலமாக இருந்தால் நிஜமும் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அனலைசரில் சிக்னலை அடையாளம் காணும் வசதியை ஓட விட்டுப் பார்க்காமல் "சென்சார் தப்பான அதிர்வெண்ணில் உமிழ்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். மிக்சரோடு வரும் இழப்பு அட்டவணையையும் அனலைசரில் ஏற்ற வேண்டும். அது இல்லாமல் எடுத்த பவர் அளவுக்கு மதிப்பில்லை.

அனலைசர் காட்டும் பவர் டேட்டாஷீட்டைவிட 10 டெசிபெல் குறைவாக இருக்கிறது. சிப் போய்விட்டதா?

சிப்பைத் தொடாதீர்கள். அனலைசர் ஒரு நேரத்தில் பார்க்கும் அதிர்வெண் அகலத்தைத் தீர்மானிக்கும் ஆர்.பி.டபிள்யூ. வடிகட்டிக்குள் சிர்ப் நுழைந்து வெளியேறும் வேகத்தைப் பாருங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி முழு உயரத்துக்கு எழ ஒரு மைக்ரோவிநாடி அளவு ஆகும். மேலே சொன்ன சிர்ப் அந்த 1 மெகாஹெர்ட்ஸைக் கடக்க 0.04 மைக்ரோவிநாடிதான் எடுக்கிறது. வடிகட்டி எழுந்திருப்பதற்குள் அலை போய்விட்டது. இந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இழப்பு 10.4 டெசிபெல் வரும், உங்கள் குறைவும் கிட்டத்தட்ட அதுவே.

வழி இரண்டு. சென்சாரை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தி அளங்கள். முடியாவிட்டால் அந்தத் திருத்தத்தைக் கூட்டி எழுதுங்கள், ஆனால் அறிக்கையில் கூட்டியதைச் சொல்லுங்கள். டிடெக்டர் பீக்கில் (உச்ச அளவு) இருக்கிறதா ஆர்.எம்.எஸ்.ஸில் (சராசரி பவர்) இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இவை இல்லாத பவர் எண்ணை வைத்து இரண்டு சென்சார்களை ஒப்பிட முடியாது.

கல்லூரியில் இவ்வளவு கருவி கிடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அசைவைக் கண்டுபிடிக்கும் டாப்ளர் மாட்யூலை வைத்து ஏதாவது சோதிக்க முடியுமா?

தாராளமாக. ஹெச்.பி.100 (HB100) மாதிரி மாட்யூல் 10.525 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதன் எதிரே ஒரு தகர அட்டையை வைத்து, ஐ.எஃப். முனையின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் மில்லிவோல்ட்டில் பாருங்கள். அட்டையை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் அளவு ஏறி இறங்கும். ஒவ்வொரு முழு ஏற்ற இறக்கத்துக்கும் அட்டை அரை அலைநீளம் நகர்ந்திருக்கிறது, அதாவது 14.24 மில்லிமீட்டர். இருபது சுற்றுக்கு 285 மில்லிமீட்டர் வர வேண்டும். ஸ்கேலில் 1 மில்லிமீட்டர் பிசகினாலும் அதிர்வெண் 0.35 சதவீதத்துக்குள் கிடைத்துவிடும். 24.125 ஜிகாஹெர்ட்ஸ் மாட்யூல் என்றால் இருபது சுற்று 124 மில்லிமீட்டர். அட்டையை மாட்யூலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவராதீர்கள். வலுவான எதிரொலி ஆசிலேட்டரையே இழுத்துவிடும்.

அசைவைப் பார்ப்பதற்கு ஐ.எஃப். முனையில் ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்டுக் கணினியின் மைக் துளையில் கொடுத்தால், இலவச மென்பொருளிலேயே ஸ்பெக்ட்ரம் பார்க்கலாம். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்தால் 10.525-இல் 70 ஹெர்ட்ஸ், 24.125-இல் 161 ஹெர்ட்ஸ். யாரும் நடக்காதபோதும் 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நிற்கிறதா? தலைக்கு மேலே உள்ள பழைய டியூப் லைட்டை அணையுங்கள். குழாய்க்குள் இருக்கும் வாயு விநாடிக்கு நூறு தடவை அலையைத் திருப்பி அனுப்புகிறது. சீலிங் ஃபேனும் இதே வேலையைச் செய்யும். மே மாதக் கடலூரில் ஃபேனை அணைக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மாட்யூலைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கொஞ்சம் கூடுதல் பட்ஜெட் இருந்தால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏ.டபிள்யூ.ஆர்.1642 போர்டு நல்ல தேர்வு. 76 முதல் 81 ஜிகாஹெர்ட்ஸ் வரை, சிர்ப்பின் சரிவையும் அகலத்தையும் நீங்களே வைக்கலாம். சரிவை வேண்டுமென்றே மாற்றி, தெரிந்த தூரத்தில் உள்ள ரிஃப்ளெக்டரின் அளவு எப்படி நகர்கிறது என்று பார்ப்பது ஒரு நல்ல புராஜெக்ட்.

கார்னர் ரிஃப்ளெக்டர் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டிய முக்கோண வகையில், விளிம்பு 10 சென்டிமீட்டர் இருந்தால் 77 ஜிகாஹெர்ட்ஸில் 27 சதுர மீட்டர் அளவு எதிரொலிப் பரப்பு கிடைக்கும். அதே ரிஃப்ளெக்டர் 24 ஜிகாஹெர்ட்ஸில் 2.7 சதுர மீட்டர்தான். செங்கோணம் பிசகாமல் இருக்க வேண்டும். தட்டுமுட்டுத் தகரத்தை வளைத்துச் செய்தால் 77-இல் இந்த எண்ணை நம்ப முடியாது.

மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தில் வைத்த ரேடார் மட்டமானி தடுமாறுகிறது. டிரான்ஸ்மிட்டர் பலவீனமா?

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. ஆற்று மட்டம் நிஜமாகத் தேவைப்படுவது அந்த மாதிரி நேரத்தில்தான். அதனால் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது.

காற்றில் விழும் மழையால் வரும் இழப்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 80 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு 30 டெசிபெல் அளவு போகும். பாலத்திலிருந்து தண்ணீர் வரை 10 மீட்டர் என்றால் போக வர 0.6 டெசிபெல்தான். ஒரு சென்சாரும் அதற்குத் தடுமாறாது.

ஆனால் சென்சாரின் முகத்தில் தண்ணீர் படலமாக ஒட்டினால் கதை வேறு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள படலம் ஒரு வழிக்கே 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும், போக வர அதன் இரு மடங்கு. எனவே மழையில் தடுமாறும் சென்சாரைக் கழற்றி டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும் முன், முகம் எப்படி இருக்கிறது என்று ஏறிப் பாருங்கள். கீழ்நோக்கிய முகம் தட்டையாக இருந்தால் துளி அதிலேயே தங்கும். கூம்பு அல்லது குவிந்த லென்ஸ் முகம் என்றால் வழிந்து சொட்டிவிடும். கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை, உப்பு. காய்ந்த உப்புப் பூச்சு இரவுப் பனியை இழுத்து முகத்தை ஈரமாகவே வைத்திருக்கும். காலையில் தப்பாகக் காட்டி, பத்து மணிக்கு மேல் சரியாகும் சென்சார் என்றால் பெரும்பாலும் இதுதான். நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போதும். எமரித் தாளைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

சிப்காட்டில் கெமிக்கல் டேங்க். மட்டம் ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எக்கோ கர்வ்விலிருந்து, அதாவது எந்தத் தூரத்தில் எவ்வளவு எதிரொலி என்று காட்டும் வரைகோட்டிலிருந்து. மென்பொருளை இணைத்து அதைத் திறங்கள். டேங்கை முதன்முதலில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தபோது சேமித்த எக்கோ கர்வ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இனிமேலாவது ஒவ்வொரு டேங்குக்கும் காலியாக இருக்கும்போது ஒன்று, நிறைந்திருக்கும்போது ஒன்று எடுத்து வையுங்கள்.

ஆன்டெனாவுக்கு மிக அருகே எதிரொலி வீங்கி, மட்டத்தின் எதிரொலி தேய்ந்திருந்தால் ஆன்டெனாவில் படிவு அல்லது ஆவி உறைந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் நலமாகத்தான் இருக்கிறது. எல்லா எதிரொலிகளும், டேங்கின் உள் ஏணி, குழாய் மாதிரி அசையாதவை உட்பட, ஒரே அளவில் குறைந்திருந்தால்தான் டிரான்ஸ்மிட்டரையோ ரிசீவரையோ சந்தேகிக்க வேண்டும். எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் சிர்ப்பின் சரிவு. எதிரொலியின் உயரம் சரியாக இருந்து, அடித்தள இரைச்சல் மட்டும் உயர்ந்திருந்தால் ஃபேஸ் நாய்ஸ் அல்லது பக்கத்தில் வேறொரு ரேடார். டேங்கில் அசையாத ஏணிப்படி இலவசமாகக் கிடைத்த ரிஃப்ளெக்டர், அதன் தூரத்தையும் உயரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லூப் கரண்ட் (முதலில் சொன்ன 4–20 மில்லியாம்பியர் வெளியீடு) 3.6 மில்லியாம்பியருக்குக் கீழே அல்லது 21-க்கு மேலே போயிருந்தால் சென்சார் தானே கோளாறு என்று சொல்கிறது. 4-க்கும் 20-க்கும் நடுவே உறைந்து நின்றால் போலி எதிரொலி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே முதல் சந்தேகம்.

பம்பருக்கு மறுபடி பெயின்ட் அடித்த பிறகு ரேடார் குறைவாகப் பார்க்கிறது?

உலோகத் துகள் கலந்த பெயின்ட், தடிமனான புட்டி இரண்டும் 77 ஜிகாஹெர்ட்ஸை மறைக்கும். பம்பர் பிளாஸ்டிக்கின் தடிமன் அரை அலைநீளத்தை ஒட்டி இருக்கும்படி கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள். மேலே ஏறும் ஒவ்வொரு பூச்சும் அதைக் கலைக்கும். பம்பரைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டி ஒரு முறை ரிஃப்ளெக்டரின் எதிரொலியைப் பாருங்கள். வித்தியாசம் சில டெசிபெல்லுக்கு மேல் போனால் குற்றவாளி பெயின்ட்.

ஒன்றுக்கு மேற்பட்ட அனுப்பும் சேனல் இருந்தால்?

ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட விட்டு, பவரும் ஃபேஸும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தூரத்துக்கு இது முக்கியமில்லை, கோணத்துக்கு முக்கியம். சூடேறும்போது எல்லாச் சேனலும் ஒரே மாதிரி நகர்ந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தனியாக நகர்ந்தால் அடுத்த லேனில் போகும் வண்டி நம் லேனில் தெரியும்.

அதிர்வெண், பவர் எல்லைகள் என்ன? லைசன்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் 76–77 ஜிகாஹெர்ட்ஸ் குறுந்தூர ரேடாருக்கு 2015-இல் லைசன்ஸ் விலக்கு தந்துவிட்டார்கள். ஆனால் கருவியை விற்கவோ இறக்குமதி செய்யவோ மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யிடம் இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) வாங்க வேண்டும், அதற்கு ஆர்.எஃப். சோதனை அறிக்கை தேவை. ஐரோப்பாவின் இ.என். 301 091 தரத்தில் இந்தப் பட்டைக்கு உச்ச இ.ஐ.ஆர்.பி. 55 டிபிஎம். அமெரிக்காவில் 76 முதல் 81 வரை சராசரி 50, உச்சம் 55. டேங்க் ரேடாருக்கு 75–85 பட்டை ஐரோப்பியத் தரங்களில் இருக்கிறது. மூடிய டேங்குக்குள் வைப்பதற்கு ஒரு தரம், திறந்த வெளியில் கீழ்நோக்கி வைப்பதற்கு வேறொரு தரம். ஆற்றுப் பாலம் இரண்டாவதில் வரும், எனவே டேங்குக்கு வாங்கியதைப் பாலத்தில் மாட்டும் முன் சான்றிதழைப் பாருங்கள்.

எல்லைக்குள் இருக்கிறதா என்பதை அறை வெப்பத்தில் மட்டும் பார்க்காதீர்கள். சிர்ப்பின் இரு முனைகளும் குளிரிலும் வெயிலில் காய்ந்த பெட்டிக்குள்ளும் எங்கே நிற்கின்றன என்பதுதான் கேள்வி.

முன்னால் நின்று சோதிப்பது உடம்புக்குக் கெடுதலா?

25 டிபிஎம் இ.ஐ.ஆர்.பி. உள்ள சென்சாரிலிருந்து 1 மீட்டரில் சதுர மீட்டருக்கு 0.025 வாட். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். நானூறில் ஒரு பங்கு.

படகு ரேடாருக்கும், காரைக்கால் வானிலை ரேடாருக்கும் இதே முறைகளா?

இல்லை. கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் பார்க்கும் படகு ரேடார்களில் மேக்னட்ரான் வகை 9.4 ஜிகாஹெர்ட்ஸில் கிலோவாட் கணக்கில் துடிப்பு அனுப்பும். அதன் எதிரே நிற்கக் கூடாது, சாதாரண மிக்சரை நேரே காட்டவும் கூடாது. காரைக்காலில் உள்ளது எஸ் பட்டை டாப்ளர் ரேடார், அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர். இரண்டுக்கும் துடிப்பின் வடிவமும் உச்ச பவரும்தான் முதல் சோதனை.

நம் பக்கத்தில் யாரிடம் கொண்டுபோகலாம்?

மாணவர்கள் முதலில் தங்கள் கல்லூரியின் மைக்ரோவேவ் லேபையும், அப்புறம் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் கேட்டுப் பாருங்கள். முறையான அறிக்கை வேண்டுமென்றால் சென்னைதான். தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது, வாகனப் பாகம் என்றால் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்ற வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போகும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் வரை அளப்பார்கள், சிர்ப்பை முழுதாகப் பிடிக்கும் அலசல் அகலம் எவ்வளவு, ஃபேஸ் நாய்ஸ் அளப்பார்களா. சென்சாரை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தும் மென்பொருளையும் அதற்கான கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். அது இல்லாமல் போனால் பவர் ஒன்றை மட்டும் அளந்து, சீல் வைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.